கிழித்தவர்கள் வரலாறு

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் எல்போ லேக் என்று ஒரு குட்டி ஊர். அங்கே கட்டட வேலை பார்க்கும் ஒருவர் பழைய வீடு ஒன்றை 10,100 டாலருக்கு வாங்கினார். அமெரிக்க விலைவாசிக்கு அந்தக் காசில் வீடு கிடைக்காது. வீடு இருந்த இடம் கிடைக்கும். இவருக்கு நாலு சுவரும் சேர்த்தே கிடைத்தது. பழுது பார்க்கலாம் என்று சுவரைப் பிரித்தால் உள்ளே கத்தை கத்தையாகப் பழைய செய்தித்தாள். மினசோட்டா குளிருக்குப் பேர்போன மாநிலம். அந்தக் காலத்தில் வீடு கட்டியவர்கள் கைக்குக் கிடைத்த காகிதத்தையெல்லாம் சுவருக்குள் திணித்துக் குளிரைத் தடுத்திருக்கிறார்கள்.

அந்தக் குப்பைக்கு நடுவே ஒரு காமிக்ஸ். அட்டையில் நீல உடையும் சிவப்பு மேலங்கியுமாக ஓர் ஆசாமி பச்சைக் கார் ஒன்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பாறையில் மோதிக்கொண்டிருக்கிறார். இடது கீழ் மூலையில் ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு நம்மை நோக்கி ஓடி வருகிறார். ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ், ஜூன் 1938, விலை 10 சென்ட். சூப்பர்மேன் என்ற ஆளை உலகம் முதன்முதலாகப் பார்த்தது அதில்தான்.

கிடைத்தது என்னவென்று தெரிந்ததும் குடும்பத்தில் பரபரப்பு தொற்றிக்கொண்டது. மனைவி வழி அத்தை ஒருவரும் அங்கே இருந்தார். அடுத்து நடந்ததை நம்மூர்ப் பேச்சில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்:

“அப்படி என்ன பொக்கிஷம் மாப்பிள்ளை, இங்க குடுங்க, பார்த்துட்டுத் தர்றேன்.”

“கை படக்கூடாதுங்க அத்தை. தள்ளி நின்னே பாருங்க.”

“நான் பார்க்காத புத்தகமா? விடுங்க.”

“நீங்க விடுங்க அத்தை.”

சர்ர்ர்.

பின்னட்டை கிழிந்துவிட்டது. இந்தப் புத்தகங்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடும் நிபுணர்கள் இருக்கிறார்கள். அவர்கள் போட்டது 1.5. 2013 ஜூனில் ஏலம் விட்டபோது 1,75,000 டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் நம் பணம் ஒரு கோடி ரூபாய். நல்ல விலைதானே என்று நாம் நினைப்போம். ஆனால் அந்தக் கிழிசல் மட்டுமே 75,000 டாலரை விழுங்கிவிட்டது என்று ஏலக்காரர்கள் கணக்குச் சொன்னார்கள். வாங்கிய வீட்டின் விலையைப் போல ஏழு மடங்கு. தலைதீபாவளிக்குப் போட்ட மோதிரத்தை மறுநாளே திருப்பிக் கேட்ட அத்தைமார்கள்கூட மாப்பிள்ளைக்கு இவ்வளவு நஷ்டம் வைத்ததில்லை.

செய்தி வெளிவந்ததும் உலகமே அத்தையைப் பிடித்துக்கொண்டது. எனக்கென்னவோ அத்தை பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது. 1938-இல் இந்த இதழ் சுமார் 2 லட்சம் பிரதி அச்சானது. இன்று உலகம் பூராவும் தேடினால் நூறு பிரதி தேறும் என்கிறார்கள். மிச்சமெல்லாம் தானாகவா ஆவியாயிற்று? கிழித்து, எரித்து, எடைக்குப் போட்டு, மழையில் நனையவிட்டு, அடுப்பு மூட்டி ஒழித்திருக்கிறார்கள். அத்தனை பேர் அரும்பாடுபட்டு அழித்ததால்தான் மீந்த நூறுக்கும் கோடிக்கணக்கில் விலை. அத்தை ஒன்றும் புதிதாகச் செய்துவிடவில்லை. எழுபத்தைந்து வருஷமாக ஊர் செய்துகொண்டிருந்த காரியத்தை அவர் கொஞ்சம் தாமதமாகச் செய்தார், அவ்வளவுதான்.

கிழிப்புத் திருப்பணியை முதலில் தொடங்கிவைத்தவர்கள் யார் தெரியுமா? பதிப்பாளர்களேதான். அதுவும் அந்த முதல் இதழிலேயே. சூப்பர்மேனுக்கு அதில் 13 பக்கம். மீதியில் ஒரு மந்திரவாதி, ஒரு விளையாட்டு வீரன், மார்க்கோ போலோ என்று மளிகைக்கடை மாதிரி எல்லாம் கலந்திருக்கும். சக் டாசன் என்றொரு குதிரைவீரன் கதையும் உண்டு. அது கறுப்பு வெள்ளை. அந்தக் கதையின் முதல் பக்கத்துக்குக் கிரேயான் கொண்டு வண்ணம் தீட்டி, பக்கத்தைக் கிழித்து, எங்களுக்கு அஞ்சலில் அனுப்பிவையுங்கள். நன்றாகத் தீட்டியவர்களுக்கு ஒரு டாலர் பரிசு என்று போட்டி அறிவித்திருந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஒரு பொடியன். கையில் பத்து சென்ட் புத்தகம். ஜெயித்தால் ஒரு டாலர், அதாவது இன்னும் பத்துப் புத்தகம். நாக்கைத் துருத்திக்கொண்டு குதிரைக்கு ஆரஞ்சு நிறம் அடிக்கிறான். கோட்டுக்கு வெளியே போகிறது. போனால் போகிறதென்று நகத்தால் மடித்துத் தேய்த்து, பர்ரென்று கிழித்து, உறையில் போட்டு ஒட்டுகிறான். அந்தக் கணத்தில் பல கோடி ரூபாய் தபால்பெட்டிக்குள் விழுகிறது. முட்டாள் பயல் என்று யார் சொல்ல முடியும்? ஒரு டாலருக்கு ஆசைப்பட்டது அந்தக் காலத்துக்கு மிகச் சரியான முதலீட்டு முடிவு.

அவனைவிடப் பெரிய ஏமாளிகள் அதே கதையில் இருக்கிறார்கள். கிளீவ்லாந்தைச் சேர்ந்த ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் தாங்கள் உருவாக்கிய சூப்பர்மேனை முழு உரிமையோடு 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தொகையும் அடங்கிய காசோலை பத்திரமாகப் பிழைத்து, 2012-இல் 1,60,000 டாலருக்கு ஏலம் போனது. சூப்பர்மேனை விற்ற காசைக் காட்டிலும் விற்றதற்கான காகிதத்துக்கு ஆயிரம் மடங்குக்கு மேல் விலை. அந்தப் பணமும் அவர்கள் கைக்குப் போகவில்லை என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

காகிதத்தின் யோக்கியதையையும் சொல்லியாக வேண்டும். செய்தித்தாள் அச்சடிக்கும் மட்டரக நியூஸ்பிரிண்ட். மரக்கூழில் உள்ள லிக்னினும் அமிலமும் சேர்ந்து, வெயில் பட்டால் மஞ்சள், மேலும் பட்டால் பழுப்பு, அப்புறம் தொட்டால் அப்பளம். நடுவில் இரண்டு இரும்புப் பின். ஈரம் பட்டால் துருப்பிடித்து காகிதத்தையும் தின்னும். பின்பக்கப் பாக்கெட்டில் சுருட்டிச் செருகிக்கொண்டு, மரத்தில் ஏறி, படித்து, நண்பனுக்கு மாற்றிக்கொடுத்து, அவன் தம்பி அதில் பால் கொட்டி, அதோடு ஆயுள் முடிய வேண்டும். அப்படித்தான் அந்தப் புத்தகத்தைச் செய்தார்கள். பேரன் காலத்தில் ஏலத்துக்கு வரும் என்று எவன் கண்டான்?

அப்புறம் யுத்தம் வந்தது. ராணுவத்துக்குப் பெட்டியும் அட்டையும் செய்யக் காகிதம் வேண்டும், வீட்டில் கிடக்கும் பழைய பேப்பரையெல்லாம் கொடுங்கள் என்று அரசாங்கம் கேட்டது. சாரணச் சிறுவர்கள் தள்ளுவண்டியோடு வீடு வீடாகப் போனார்கள். வேடிக்கை என்னவென்றால், படித்து முடித்த காகிதத்தை நாட்டுக்குக் கொடுங்கள் என்ற வேண்டுகோள் காமிக்ஸ் பக்கங்களிலேயே வந்தது. கதாநாயகன் சொன்னால் தட்ட முடியுமா? பிள்ளைகள் கதாநாயகனையே தூக்கிக் கொடுத்தார்கள். ஹிட்லரைத் தோற்கடித்ததில் சூப்பர்மேனுக்குப் பங்குண்டு என்று நான் சத்தியமாக நம்புகிறேன். கூழாகி, அட்டைப்பெட்டியாகி, உள்ளே எதையோ சுமந்துகொண்டு ஐரோப்பாவுக்குப் போயிருப்பார்.

யுத்தத்தில் தப்பியவை சமாதானத்தில் மாட்டின. 1948 அக்டோபர் 26. மேற்கு வர்ஜீனியா மாநிலம், ஸ்பென்சர் என்ற ஊர். பள்ளி மைதானத்தில் சுமார் 600 பிள்ளைகள் கூடினார்கள். காமிக்ஸ் படித்தால் பிள்ளைகள் கெட்டுக் குட்டிச்சுவராகிறார்கள் என்று ஓர் ஆசிரியை சொல்லிச் சொல்லி, வீடு வீடாகத் திரட்டிய சுமார் 2,000 புத்தகங்கள் மலைபோலக் குவிந்திருந்தன. பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் பிரகடனம் வாசித்துவிட்டுத் தீக்குச்சியைக் கிழித்தான். முதலில் பற்றியது ஒரு சூப்பர்மேன் அட்டை. கிரிப்டான் கிரகம் வெடித்தபோது தப்பிய ஆள், பள்ளிக்கூடப் பையனிடம் தோற்றார்.

ஜெர்மனியில் நாஜிகள் புத்தகங்களை எரித்து பதினைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தக் கும்பலைத் தோற்கடித்த தேசம் அதே வேலையைப் பள்ளிக்கூட நிகழ்ச்சியாக வைத்ததில் பலருக்கும் நெருடவில்லை. அந்த டிசம்பரிலேயே நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில் இன்னொரு பள்ளி கொளுத்தியது. பிறகு ஊருக்கு ஊர் தொற்றிக்கொண்டது. எத்தனை முதல் இதழ்கள் அதில் போயின என்பதற்குக் கணக்கில்லை. எரிக்கிறவர் பட்டியல் எடுத்துவிட்டா எரிப்பார்?

இந்த நெருப்புக்கு நெய் ஊற்றியவர் பிரெட்ரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர். லேசான ஆளில்லை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின ஏழைகளுக்காக மனநல கிளினிக் நடத்திய நல்ல மனிதர். ஆனால் காமிக்ஸ் என்று வந்துவிட்டால் சாமி வந்துவிடும். பேட்மேனும் ராபினும் ஒரே வீட்டில் இருப்பதில் அவருக்குச் சந்தேகம். வொண்டர் உமனின் பலத்தில் சந்தேகம். சூப்பர்மேனிடம் சர்வாதிகாரியின் சாயல். எல்லாவற்றையும் சேர்த்து 1954-இல் ஒரு புத்தகம் போட்டார். அந்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க செனட்டின் துணைக்குழு நியூயார்க்கில் விசாரணை வைத்தது.

அந்த விசாரணையின் உச்சக்காட்சியை எந்தக் காமிக்ஸ்காரனும் எழுதியிருக்க முடியாது. வில்லியம் கெயின்ஸ், திகில் காமிக்ஸ் வெளியிட்ட பதிப்பாளர், தானாக முன்வந்து சாட்சி சொல்ல வந்தார். செனட்டர் கீஃபாவர் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினார். ஒரு கையில் கோடாரி, இன்னொரு கையில் கூந்தலைப் பிடித்துத் தூக்கிய பெண்ணின் வெட்டுப்பட்ட தலை. இது ரசனையா என்று கேட்டார். திகில் காமிக்ஸ் அட்டைக்கு இது நல்ல ரசனைதான் என்றார் கெயின்ஸ். தலையை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கி, கழுத்திலிருந்து ரத்தம் சொட்டுவது தெரிந்தால்தான் மோசமான ரசனை என்று விளக்கமும் கொடுத்தார். வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அத்தோடு கதை முடிந்தது. அந்த அக்டோபரில் பதிப்பாளர்களே பயந்துபோய் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதிகள் எழுதிக்கொண்டார்கள். கெயின்ஸின் திகில் இதழ்கள் மூடு விழா கண்டன. அவருக்கு மிஞ்சியது ‘மேட்’ என்ற நையாண்டிப் பத்திரிகை. அதை வைத்தே அவர் ஜாம்ஜாமென்று வாழ்ந்தது வேறு கதை.

நீதி எங்கே என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்தி. கெயின்ஸ் தம் இதழ்கள் ஒவ்வொன்றிலும் சுமார் ஒரு டஜன் பிரதியைப் பொதிந்து கட்டிப் பூட்டி வைத்திருந்தார். பல வருஷம் கழித்து அவை வெளியே வந்தபோது சேகரிப்பாளர்கள் விழுந்தடித்து வாங்கினார்கள். இரண்டாவது இன்னும் ருசியானது. வெர்தம் தம் புத்தகத்தில் இதைப் படிக்காதே, அதைத் தொடாதே என்று எந்தெந்த இதழை உதாரணம் காட்டினாரோ, அந்த இதழ்களுக்குச் சந்தையில் தனி மவுசு. விற்பனைக்காரர்கள் அவர் பெயரைப் போட்டே விளம்பரம் செய்கிறார்கள். அவருடைய ஆவணங்களை கரோல் டில்லி என்ற ஆய்வாளர் அலசிப் பார்த்து, சிறுவர்களின் வாக்குமூலங்களில் வெட்டியும் ஒட்டியும் திரித்தும் இருக்கிறார் என்று எழுதியது மிகப் பின்னால்தான். காமிக்ஸைக் கிழித்தவர்கள் பட்டியலில் வெர்தமையும் சேர்க்கலாம். விலையை ஏற்றியவர்கள் பட்டியலில் முதல் இடமே அவருக்குத்தான்.

இத்தனையும் பண்ணியவர்கள் ஒரு பக்கம். அம்மாக்கள் ஒரு பக்கம். பள்ளிக்கூடமும் செனட்டும் சேர்ந்து அழித்ததைவிட, பிள்ளை கல்லூரிக்கோ பட்டாளத்துக்கோ போன மறுவாரம் அறையைப் பெருக்கிய அம்மாக்கள் அழித்தது அதிகம் என்பது அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் ஏகோபித்த புலம்பல். எந்தக் கடையில் போய் நின்றாலும் ஒரு வழுக்கைத் தலையர், “என்னிடமும் இருந்தது, அம்மா தூக்கிப் போட்டுவிட்டார்” என்று ஆரம்பிப்பார். அத்தனை பேரும் சொல்வது உண்மையென்றால் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் இரண்டு கோடிப் பிரதி அச்சாகியிருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் இந்த விஷயம் தெரியாதவர்கள் இருக்க முடியாது. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு புறப்பட்டது. அந்தப் பழைய இதழ்களுக்கு இன்று அலைகிறவர்களைக் கேட்டால், அமெரிக்கர்களுக்கு இல்லாத இரண்டு எதிரிகளைச் சொல்வார்கள். ஒருவர் பழைய பேப்பர் கடைக்காரர். இரும்புக்கை மாயாவிக்கும் ராணி வாரஇதழுக்கும் அவர் தராசில் ஒரே நீதி. இன்னொருவர் பைண்டர். பத்து இதழைச் சேர்த்துப் பத்திரமாக இருக்கட்டும் என்று கொடுத்தால், அட்டையைக் கழற்றி, மூன்று பக்கமும் ஓரத்தை மெஷினில் வெட்டி, வசனத்தில் கடைசி எழுத்தையும் சேர்த்து வெட்டி, காலிகோ துணி ஒட்டி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்திக் கொடுப்பார். அழிவு இவ்வளவு பக்தியோடு வேறெங்கும் நடந்திருக்காது.

எல்லா அம்மாக்களையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதற்கு அண்மையில் ஒரு சாட்சி கிடைத்தது. வட கலிபோர்னியாவில் மூன்று சகோதரர்கள், மறைந்த தாயாரின் வீட்டைக் காலி செய்யும்போது பரணில் ஓர் அட்டைப்பெட்டியைப் பார்த்தார்கள். மேலே செய்தித்தாள், சுற்றிலும் ஒட்டடை. உள்ளே 1939-இல் வந்த ‘சூப்பர்மேன்’ முதல் இதழ், மார்க் 9.0. என்னிடம் அபூர்வமான காமிக்ஸ் இருக்கிறது என்று அந்த அம்மா பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஒருநாளும் எடுத்துக் காட்டவில்லை. 2025 நவம்பரில் அது 91 லட்சம் டாலருக்கு மேல் போனது. நம் பணத்தில் எண்பது கோடி. பிள்ளைகள் கண்ணில் காட்டாமல் வைத்ததே அந்த அம்மாவின் சாமர்த்தியம். காட்டியிருந்தால் பிள்ளைகள் மூவர், அட்டைகள் இரண்டு. எல்போ லேக் அத்தைக்கு வேலை வைத்திருக்க மாட்டார்கள்.

1970-களில் காமிக்ஸுக்கு விலை உண்டு என்று எல்லோருக்கும் லேசாகத் தெரிய ஆரம்பித்தது. விலைப்பட்டியல் புத்தகமே வந்துவிட்டது. இனியாவது ஜாக்கிரதையாக இருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? 1974-இல் மார்வெல் நிறுவனத்துக்கு ஒரு யோசனை தோன்றியது. வாசகர் கடிதப் பக்கத்தில் தபால்தலை மாதிரி சின்னதாக ஒரு படம் அச்சிடுவது. நூறு படம், நூறு எண். கத்தரித்துச் சேர்த்து, அதற்கென்றே விற்கும் ஆல்பத்தில் ஒட்டுங்கள் என்பது அறிவிப்பு. முப்பத்தாறு வருஷம் முன்பு கிரேயான் போட்டி வைத்தவர்களின் ஆவி போட்டிக் கம்பெனியில் புகுந்துகொண்டது போலிருக்கிறது.

பிள்ளைகள் கத்தரியை எடுத்தார்கள். அந்த நவம்பர் தேதியிட்ட ‘தி இன்கிரெடிபிள் ஹல்க்’ 181-ஆம் இதழில் இருந்தது 54-ஆம் எண் தபால்தலை, காட்டு ராணி ஷானாவின் படம். அதே இதழில் மஞ்சள் உடையும் கையில் நகமுமாக ஒரு குள்ளன் ஹல்க்கோடு சண்டை போட்டான். வந்தான், சண்டை போட்டான், போனான். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவன்தான் வூல்வரின். முழுசாக அவன் தலைகாட்டிய முதல் இதழ் அது. இருபத்தைந்து சென்ட் புத்தகம் இன்று நல்ல நிலையில் இருந்தால் பல லட்சம் ரூபாய். ஆனால் வாங்குகிறவர் எடுத்த எடுப்பில் அட்டையையும் பார்ப்பதில்லை, வூல்வரினையும் பார்ப்பதில்லை. கடிதப் பக்கத்தைப் புரட்டி, ஷானா இருக்கிறாளா என்று பார்க்கிறார். இல்லையென்றால் அங்கே சதுரமாக ஒரு ஓட்டை. அது வழியாக விலையில் பெரும்பகுதி ஓடியிருக்கும். இதற்கென்று கத்தரித்த தபால்தலையைத் தனியே விற்பவர்களும், அட்டை போன இன்னொரு பிரதியிலிருந்து பக்கத்தையே எடுத்துச் சொருகுபவர்களும் கிளம்பினார்கள். ஷானாவுக்கு மறுமணம். நிபுணர்கள் விடுவதில்லை; இது இரண்டாந்தாரம் என்று சீட்டிலேயே எழுதிவிடுகிறார்கள்.

சரி, பிழைத்தவை எப்படிப் பிழைத்தன? கலை ஆர்வத்தாலோ தொலைநோக்காலோ என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். பெரும்பாலும் யாரும் தொடாததால். டென்வரில் எட்கர் சர்ச் என்ற விளம்பர ஓவியர் சுமார் 18,000 காமிக்ஸை அலமாரி அறையில் அடுக்கிவைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். கொலராடோவில் காற்று வறட்சி. காகிதம் வெள்ளை மாறாமல் கிடந்தது. 1977-இல் குடும்பத்தார் இதையெல்லாம் எப்படித் தொலைப்பது என்று முழித்தபோது சக் ரோசான்ஸ்கி என்ற இளம் வியாபாரி வந்து அள்ளிக்கொண்டு போனார். அதில்தான் தொழிலே வளர்ந்தது. ‘ஆக்‌ஷன்’ முதல் இதழின் 9.0 பிரதி ஒன்று தேவதாருப் பெட்டிக்குள் பல பத்தாண்டுகள் தூங்கி, 2014-இல் 32 லட்சம் டாலருக்கு விலைபோனது. அந்தப் பெட்டி இருந்த மாநிலம் மேற்கு வர்ஜீனியா. ஆமாம், ஸ்பென்சர் பிள்ளைகள் சொக்கப்பனை கொளுத்திய அதே மாநிலம். ஆசிரியை அந்தத் தெருப் பக்கம் போகவில்லை போலும்.

இன்னொரு 9.0 பிரதி நடிகர் நிக்கோலஸ் கேஜிடம் இருந்தது. 1997-இல் ஒன்றரை லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். 2000-ஆம் ஆண்டு அவர் வீட்டிலிருந்து திருடுபோனது. 2011-இல் கலிபோர்னியாவில் யாரோ வாடகைக்கு எடுத்திருந்த கிடங்கு அறை ஒன்றில் கிடைத்தது. பதினொரு வருஷம் திருட்டுச் சொத்தாகக் கிடந்தும் ஒரு கீறல் கிடையாது. அதே ஆண்டு நவம்பரில் 21 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று. சொந்தக்காரர்கள் கையில் ஒரு நிமிடம், திருடன் கையில் பதினொரு வருஷம்; எந்தப் புத்தகம் நலமாக இருந்தது என்பதை எல்போ லேக் மாப்பிள்ளையிடம் யாரும் கேட்டுவிடாதீர்கள்.

2000-இல் சிஜிசி என்ற நிறுவனம் வந்து கிழிக்கவே முடியாதபடி ஒரு வழி கண்டுபிடித்தது. புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாக எண்ணிப் பார்த்து, மடிப்பு, கறை, துரு எல்லாவற்றுக்கும் மார்க் குறைத்து, கடைசியில் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி முத்திரை போட்டுவிடுவார்கள். முத்திரையை உடைத்தால் மார்க் செல்லாது. ஆகவே 2024-இல் ‘ஆக்‌ஷன்’ முதல் இதழின் 8.5 பிரதியை 60 லட்சம் டாலருக்கு வாங்கியவர், சூப்பர்மேன் நள்ளிரவில் கவர்னர் மாளிகையின் இரும்புக் கதவைப் பிய்த்துக்கொண்டு போய் ஒரு நிரபராதிப் பெண்ணின் உயிரைக் காப்பாற்றுவதைத் தம் பிரதியில் படிக்க முடியாது. பெட்டிக்குள் தெரியும் அட்டையைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டியதுதான். கிரேயான் பொடியன் படித்துவிட்டுத்தான் கிழித்தான்.

எல்போ லேக் பிரதி ஏலம் போன அதே 2013-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஒரு கிழிப்பு வெளிச்சத்துக்கு வந்தது. சிற்பி ஒருவர் தெருக் குப்பைத் தொட்டியில் ஒரு கட்டுப் பழைய காமிக்ஸைக் கண்டார். வண்ணமாக இருக்கிறதே என்று எடுத்து வந்து, துண்டு துண்டாகக் கிழித்து, பசையில் ஊறப்போட்டு, ஆள் உயரத்துக்கு ஒரு காகித மனிதனைச் செய்தார். கண்காட்சியில் வைத்தார்கள். பார்க்க வந்த காமிக்ஸ் கடைக்காரர் ஒருவர் சிலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். உடம்பில் ஒட்டியிருந்த ஒரு துண்டைப் பார்த்ததும் அவருக்கு மூச்சே நின்றுவிட்டது. 1963-இல் வந்த ‘தி அவெஞ்சர்ஸ்’ முதல் இதழ். மற்ற துண்டுகளையும் சேர்த்தால் 20,000 பவுண்டு பெறும் என்று கணக்குப் போட்டார். சிலையின் விலை அதைவிடக் குறைவு. இத்தாலியப் பளிங்கில் செதுக்கியிருந்தால்கூடச் செலவு கம்மியாக ஆகியிருக்கும் என்று சிற்பி சிரித்துக்கொண்டார். அவருக்கு அதில் வருத்தமும் இல்லை.

செய்தித்தாள்கள் சிற்பியைப் படம் பிடித்தன, கடைக்காரரைப் பேட்டி கண்டன. அந்தக் கட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டது யார் என்று மட்டும் யாரும் விசாரிக்கவில்லை. அவர் விவரமான ஆள். யாராவது கேட்டால், அம்மா போட்டுவிட்டார் என்பார்.